இரண்டு புள்ளிக் கேள்வி

பத்தாம் தரம், இருமொழிப் பிரிவு, விஞ்ஞானம்.
முப்பத்தொரு விடைத்தாள்.
உப்புத் தண்ணீரில் போட்ட உருளைக்கிழங்குத் துண்டு
ஏன் சுருங்கியது?
கேள்வி இங்கிலீசில். பதிலும்
இங்கிலீசில்தான் இருக்கவேண்டும்.

முப்பது பேர் ஒரே வசனத்தை எழுதியிருக்கிறார்கள்,
நான் கரும்பலகையில் எழுதிய வசனம்.
செறிவுக்கான சொல்லில் நான் விட்ட
எழுத்துப் பிழையும் சேர்த்து.
அன்று அதைக் காணவில்லை.
இப்போது முப்பது தரம் காண்கிறேன்.
ஒன்றிலும் சிவப்புப் பேனை வைக்கக் கை போகவில்லை.

குருநகர் டிலுக்சன் மட்டும் வேறு எழுதியிருக்கிறான்.
தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:
உப்பைக் கண்டால் மீன் சத்தி எடுக்கும்,
கிழங்கும் அப்படித்தான்.
சத்திக்கு எங்கோ தேடிப் பிடித்த சொல்லில்
ஓர் எழுத்தும் பிழையில்லை.

நான் தமிழில் படித்தவள்.
பிரசாரணம் என்று நூறு தரம் மனனம் செய்தவள்.
அந்தச் சொல்லும் அன்று எனக்கு அந்நியம்தான்.
எங்கள் வீட்டில் ஒருவரும்
பிரசாரணம் என்று கதைத்ததில்லை.
பிறகு வலயத்திலிருந்து கடிதம் வந்தது.
ஐந்து நாள் பயிற்சி,
மத்தியானச் சாப்பாடு, ஒரு சான்றிதழ்.
திங்கட்கிழமை நான்
இங்கிலீசில் படிப்பிக்கிற ரீச்சர்.

இரவில் குசினியில்
குழாயைத் திறந்துவிட்டு
நாளைய பாடத்தைச் சொல்லிப் பார்ப்பேன்,
முன்னறையில் இவருக்குக் கேட்கக்கூடாது.

அண்டஸ்ராண்ட்? என்று கேட்டால்
யெஸ் மிஸ்.
விளங்காத இடத்தில்தான்
அந்தக் குரல் ஆகப் பெரிதாக வரும்.
விளங்கிச்சோ? என்று கேட்டாலோ
ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.
உண்மையாகக் கேட்கிறேன் என்று தெரியும்.

ஒருநாள் கரைசலுக்கு வந்தோம்.
சொலூஷன் என்று எழுதினேன்.
கரைசல் இல்லையடா, கரைச்சல்,
பின்வாங்கில் ஒரு குரல்.
துவாரகி எழும்பினாள்.
மிஸ், கணக்கு மிஸ் விடைக்கும் இதைத்தான் சொல்லுறா.
அப்பா செய்தி கேக்கேக்கை வாற தீர்வுக்கும் இதுதானாம்.
எது மிஸ் சரி?
மூன்றும் சரி என்றேன்.
அப்ப தீர்வும் கரைஞ்சு போகுமோ மிஸ்?
வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.
பிறகு பலகையை அழிக்க
வழமையைவிட நேரம் எடுத்தது.

ஆலோசகர் வந்த அன்று
டிலுக்சன் கையை உயர்த்தினான்.
வாயைத் திறந்தான்.
கடைசி வாங்கில் கோப்போடு இருந்தவரைப் பார்த்தான்.
உயர்த்திய கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டு
இருந்துவிட்டான்.
மாணவர் பங்கேற்பு குறைவு
என்று ஆலோசகர் எழுதினார்.
தமிழில் எழுதினார்.

புள்ளித்திட்டம் சொல்கிறது:
ஒஸ்மோசிஸ் என்ற சொல்லுக்கு ஒன்று,
செறிவு வித்தியாசத்துக்கு ஒன்று.
மீனுக்கு ஒன்றுமில்லை.

அவனுடைய தாய் கரையில் மீன் கீறி உப்பிடுகிறவள்.
உப்புப் பட்ட கொஞ்ச நேரத்தில்
சதையிலிருந்து தண்ணீர் ஊறி
பெட்டியின் விளிம்பால் சொட்டுவதை
அவன் நடக்கப் பழகமுதலே கண்டிருப்பான்.
நான் படத்தில் கண்டவள்.
அம்புக்குறி போட்ட படம்.

ஒன்று போட்டேன்.
பிறகு அதை ஒன்றரை ஆக்கினேன்.
துவாரகியின் அப்பா வந்து கேட்பார்,
சத்திக்கு ஒன்றரை என்றால்
என்ர பிள்ளைக்கு ஏன் அரை வெட்டினீங்கள் என்று.
வெட்டவில்லையே இன்னும்.
என் பிழைக்கு அவளிடம் அரைப் புள்ளி
எப்படி வாங்குவது?

ஓரத்தில், யோசிக்காமல்,
தமிழில் எழுதிவிட்டேன்:
விளங்குது.
சிவப்புப் பேனை. அழிபடாது.

ஐந்தாம் கேள்வி இருக்கிறது இன்னும்.
முப்பத்தொரு தாளிலும்.